பிண்டோ பீன்ஸ் மூட்டையா ஆன்லைன்ல வாங்கறவங்க உஷார், எனக்கு 84 டாலர் போச்சு

செம கடுப்புல டைப் பண்றேன், பிழை இருந்தா கண்டுக்காதீங்க. 84 டாலர்ங்க! காஞ்ச பிண்டோ பீன்ஸுக்கு, அதான் ராஜ்மா மாதிரி புள்ளி போட்ட பயறு!

டெக்சாஸ்ல சான் அன்டோனியோல இருக்கோம். இங்க ரீஃப்ரைடு பீன்ஸ் (பிண்டோ பீன்ஸை வேகவச்சு மசிச்சு வதக்கறது) இல்லாம டெக்ஸ்-மெக்ஸ், அதாவது டெக்சாஸ்-மெக்சிகன் கலப்புச் சாப்பாடே இல்ல, ஆனா நாங்க சைவம், ஹோட்டல்லயும் நெறைய டின்லயும் பன்னிக் கொழுப்புலதான் வதக்கியிருப்பான், அதனால வீட்டுலயே பண்ணிக்கறது. வெங்காயம் பூண்டு போட்டு குழைய வேகவச்சு, எண்ணெய்ல வெங்காயம் செவந்ததும் பீன்ஸைக் கொட்டி மசிச்சு, வெந்த தண்ணியையே கொஞ்சம் கொஞ்சமா விட்டு கிளறி, சூடான டார்ட்டியாவுல (மெக்சிகன் ரொட்டி) வச்சு... விடுங்க, வயிறு எரியுது.

பெரிய ஆன்லைன் சந்தை ஒண்ணு, அதுல ஒருத்தர் "எங்க தோட்டத்து இந்த வருஷ அறுவடை"ன்னு 25 பவுண்டு மூட்டை போட்டிருந்தார். புதுசுதானான்னு சாட்ல கேட்டேன். உடனே செடியில காய் தொங்கற போட்டோ, கூடவே "எங்கம்மா வீட்டுல இதைத்தான் சமைக்கறாங்க"ன்னு ஒரு பதில். அம்மாவை இழுத்தா யாருங்க நம்பாம இருப்பா?

ராத்திரி ஊறப்போட்டு குக்கர்ல வச்சா தோல் உரிஞ்சு மிதக்குது, உள்ள நறநறங்குது, மத்தால அழுத்தினா தெறிச்சு ஓடுது. சோடா போட்டும் மசியல. சூடும் ஈரமுமா இருக்கற கோடவுன்ல வருஷக்கணக்கா கிடந்த பீன்ஸ் அப்படித்தான் ஆகும். சந்தேகப்பட்டு மூட்டைல ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால சுரண்டினேன், அடியில வேற லேபிள், 2 வருஷத்துக்கு முந்தின பேக்கிங் தேதி!

விற்றவரைக் கேட்டா "உங்க ஊர் ஹார்ட் வாட்டர், சுண்ணாம்புச் சத்து அதிகம், அதான் வேகல"ங்கறார். சுண்ணாம்புப் பாறைக்குள்ளேர்ந்து வர்ற தண்ணிதான், இல்லேங்கல, ஆனா இதே தண்ணில கடை பீன்ஸ் பஞ்சா வேகுதே? லேபிள் போட்டோ அனுப்பினதும் "பிரிச்ச மூட்டைக்கு ரிட்டர்ன் இல்ல". சந்தைக்காரங்ககிட்ட போனா "விற்றவரைக் கேளுங்க", அவரைக் கேட்டா "அவங்களைக் கேளுங்க". இப்போ என்னை பிளாக்கே பண்ணிட்டார். 84 டாலர் அந்தரத்துல நிக்குது.

எப்படிப் பார்த்து வாங்கறதுன்னு விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், முடியல. மொதல்ல 1 பவுண்டு வாங்கி வேகவச்சுப் பாருங்க. ஸ்டிக்கர் மேல ஸ்டிக்கர் இருந்தா பிரிக்காதீங்க, போட்டோ எடுங்க. சரக்கு சீக்கிரம் ஓடற மெக்சிகன் மளிகைக் கடையே மேல். கிரெடிட் கார்டுல மட்டும் பணம் கட்டுங்க, நான் பணத்தைத் திருப்பித் தரச்சொல்லி பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டிருக்கேன், 84 டாலர் திரும்பினா கமெண்ட்ல சொல்றேன்.