டிராஸ்டுசுமாப்: நரம்பு வழியா, தொடை ஊசியா?

சுங்கை சிப்புட் தோட்டப்புறத்திலிருந்து ஈப்போவுக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் போய், டிராஸ்டுசுமாப் என்ற மருந்தைப் போட்டுக்கொள்கிறவர்களுக்கு இந்தக் குழப்பம் வரும்: கை நரம்பில் டிரிப்பாக ஏற்றுவதா, தொடையில் ஊசியாகப் போடுவதா?

குளிர்: இரண்டையும் ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். உறையவே கூடாது.

கையாள்வது: நரம்பு மருந்து தூளாக வரும், மருந்தகத்தில் குலுக்காமல் கரைத்து 0.9% உப்புநீர்ப் பையில்தான் சேர்க்க வேண்டும், குளுக்கோஸ் நீரில் புரதம் திரண்டுவிடும். தொடை ஊசி தயார் திரவம். ஆனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் 6 மணி நேரத்துக்குள், 30 டிகிரியைத் தாண்டாமல் போட்டாக வேண்டும். நம்ம ஊர் வெயிலில் இதில் ரொம்பக் கவனம் வேண்டும்.

நேரம்: நரம்பில் ஏற்ற முதல் தடவை 90 நிமிடம், அப்புறம் 30. ஊசிக்கு 2 முதல் 5 நிமிடம்.

அளவு: நரம்பில் எடைக்கேற்ப, ஊசியில் எல்லாருக்கும் 600 மில்லிகிராம். மாற்றிப் போடக்கூடாது, பெட்டியைப் பார்த்துக் கேளுங்கள்.

பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவருக்கு ஊசி நல்லது. கீமோவும் சேர்ந்தே ஏறுபவருக்கு நரம்பு வழியே போதும்.