ஃபூரியர் உருமாற்றம்: எச்பி 50ஜி, கிளாஸ்பேட், டிஐ-84 பிளஸ்

அளவீடுகளில் எந்த அலைவெண் எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் கணக்கு ஃபூரியர் உருமாற்றம். அதை விரைவாகச் செய்யும் முறை எஃப்எஃப்டி. 1993இல் வந்த எச்பி 48ஜி கால்குலேட்டர் வரிசையிலேயே அது உள்ளமைந்த கட்டளை. 50ஜியிலும் அப்படித்தான்: அளவீடுகளைச் சதுர அடைப்புக்குள் வெக்டராக அடித்து, கணித மெனுவில் எஃப்எஃப்டியை அழுத்தினால் விடை. நீளம் மட்டும் 2இன் அடுக்காக இருக்க வேண்டும். 100 அளவீடு என்றால் 28 பூஜ்யம் சேர்த்து 128 ஆக்குங்கள். அப்போது அலைவெண் படி (விடையின் அடுத்தடுத்த உறுப்புகளுக்கு இடையிலான அலைவெண் இடைவெளி), மாதிரி வீதத்தை (நொடிக்கு எத்தனை அளவீடு) 128ஆல் வகுத்தது. 100ஆல் வகுத்தால் உச்சம் தவறான இடத்தில் தெரியும்.

கேசியோவின் கிளாஸ்பேட் கால்குலேட்டரிலும் இதே நீள விதியோடு எஃப்எஃப்டி உண்டு. கூடவே 0, 1, 2 என ஓர் எண் கொடுத்து வரையறையை, அதாவது விடையை எதால் வகுப்பது, ஈ-அடுக்கில் எந்தக் குறி என்பதை, மாற்றலாம். பலர் இடறுவது இங்கேதான். எந்தக் கருவியானாலும் முதலில் 1, 2, 3, 4 கொடுத்துப் பாருங்கள். முதல் உறுப்பு 10 வந்தால் வகுத்தல் இல்லை. 5 என்றால் √4ஆல், 2.5 என்றால் 4ஆல் வகுத்திருக்கிறது. இரண்டாம் உறுப்பின் கற்பனைப் பகுதி மிகை என்றால் அடுக்கில் குறைக்குறி. குறை என்றால் அடுக்கில் மிகைக்குறி.

டிஐ-84 பிளஸில் இந்தக் கட்டளையே கிடையாது. ஆனாலும் நிரல் எழுதாமல் செய்யலாம். எல்1 பட்டியலில் அளவீடுகள், எல்2 பட்டியலில் 0 முதல் என்−1 வரை (என் = N, அளவீடுகளின் எண்ணிக்கை). பிறகு எல்1 × ஈ-அடுக்கு(−2π × ஐ × கே × எல்2 ÷ என்) என்பதன் கூட்டுத்தொகையை, கே 0 முதல் என்−1 வரை மாறும் ஒரு சீக்வன்ஸுக்குள் (பட்டியல் உருவாக்கும் seq கட்டளை) வையுங்கள். இங்கே ஐ என்பது கற்பனை எண் i. எல்2ஐ முன்பே சேமிக்காமல் சீக்வன்ஸுக்குள் சீக்வன்ஸ் போட்டால் 'இல்லீகல் நெஸ்ட்' பிழை வரும். ரேடியன் முறையில் வையுங்கள். தொடக்கக் குறைக்குறிக்குக் கழித்தல் விசை அல்ல, எதிர்மக்குறி விசை.

விலை வேகத்தில்தான். 64 புள்ளிக்கு இந்த வழியில் 4096 பெருக்கல். எஃப்எஃப்டிக்குச் சுமார் 192. 512 புள்ளி என்றால் 2,62,144க்கு எதிராக 2304. 64 வரை டிஐ தாராளமாகப் போதும். அதற்கு மேல் அடிக்கடி தேவைப்பட்டால் மற்ற இரண்டில் ஒன்று.

ஒன்று மூன்றுக்கும் பொது: பட்டியல் எண்ணிக்கை 1இல் தொடங்குகிறது. 800 ஹெர்ட்ஸில் 64 மாதிரி எடுத்தால் படி 12.5 ஹெர்ட்ஸ், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தெரிவது நான்காவதில் அல்ல, ஐந்தாவது உறுப்பில். வகுக்காத வரையறையில் அதன் மட்டு மதிப்பை 32ஆல் (64இல் பாதி) வகுத்தால் வீச்சு, அதாவது அலையின் உயரம், கிடைக்கும்.