பழைய புளூபேர்டுக்குள் எஸ்ஆர்20: ஒரு 1/24 என்ஜின் செட்

தபாலில் வந்த டப்பா தீப்பெட்டியை விடக் கொஞ்சம்தான் பெரியது. உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் சாம்பல் நிறத்தில் மாடல் காருக்கான ஒரு குட்டி என்ஜின். அப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டார்ச் அடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "டர்போ சரியான பக்கத்துலதான் இருக்கு பாப்பா" என்றார். இந்த செட்டைப் பற்றி நான் சொல்ல வந்த நல்லதில் பாதி அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

வாங்கியது 1/24 அளவில், அதாவது உண்மையானதில் இருபத்து நாலில் ஒரு பங்காக, ரெசினில் 3டி அச்சடித்த நிஸ்ஸான் எஸ்ஆர்20டிஇடி. எஸ்13 சில்வியாவில் வந்ததே, சிவப்பு மூடி போட்டது, அந்த ரகம். கியர்பாக்ஸோடு சேர்த்தால் நீளம் கிட்டத்தட்ட 5 செ.மீ. மொத்தம் 14 துண்டுகள்: என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே துண்டு, மேல்மூடி, டர்போ, மேனிஃபோல்ட், ஆல்டர்னேட்டர், ரேடியேட்டர், முன்னால் நிற்கும் இன்டர்கூலர், அதன் பைப்புகள். விலை 68 வெள்ளி (ரிங்கிட்), தபால் செலவு 6 வெள்ளி. விற்றவர் வீட்டில் ஓர் அச்சு இயந்திரம் வைத்துத் தனியாளாகச் செய்கிறவர். சில குறைகளையும் சொல்லப்போவதால் அவர் பெயரை எழுதவில்லை. அதை இறக்கப்போகும் கார் கிட், அதாவது ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாடல், வேறு கம்பெனியுடையது. டாட்சன் புளூபேர்ட் 510, அதே 1/24 அளவு.

டர்போ என்பது வெளியே போகும் புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் பாகம். அப்பா ஏன் அதை முதலில் தேடினார் என்று சொல்ல வேண்டும். சுங்கை சிப்புட்டில் முப்பது வருடம் கார் ரிப்பேர் செய்தவர் அவர். ஆரம்பத்தில் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் டிராக்டரும் லாரியும் பார்த்தார். பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்ட பிறகு டவுனுக்கு வந்து கார் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். ஹாஃப் கட் என்றால் மலேசியாவில் எல்லாருக்கும் தெரியும்: ஜப்பானில் கழித்துப்போட்ட காரின் முன்பாதியை அப்படியே வெட்டி இறக்குவார்கள், என்ஜின், கியர்பாக்ஸ், வயரிங், கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் அதிலேயே வந்துவிடும். 1990களில் அப்படி வந்த ஒரு சில்வியா ஹாஃப் கட்டிலிருந்து எஸ்ஆர்20-ஐ எடுத்து, ஒரு பழைய கிராணி (தோட்டத்து எழுத்தர்) வைத்திருந்த 510-க்குள் இறக்கினார் அப்பா. வாழ்நாளில் அந்த வேலையைச் செய்தது அந்த ஒரு வண்டிக்குத்தான். இன்றைக்கும் யாராவது கேட்டால் போதும், முதல் போல்ட்டிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

510-இன் சொந்த என்ஜின் எல்16, 1,595 சிசி. அதில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், இடது பக்கம். நம் ஊர் வண்டிக்கு ஸ்டீயரிங் வலது பக்கம் என்பதால் ஸ்டீயரிங் பாக்ஸுக்கு மேலே தாராளமாக இடம் இருக்கும். எஸ்ஆர்20 அப்படி இல்லை. காற்று இடது பக்கம் உள்ளே போய், புகை வலது பக்கம் வெளியே வரும். அந்த வலது பக்கத்தில்தான் டர்போ தொங்குகிறது, நேராக ஸ்டீயரிங் பாக்ஸின் தலைக்கு மேலே. கிராணியின் வண்டியில் டர்போவுக்குக் கீழே போகும் பைப்பை வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்து முடிக்கவே அப்பாவுக்கு மூன்று நாள் ஆயிற்றாம். ரெசினில் அச்சடித்தவர் டர்போவை அழகுக்காகப் பக்கம் மாற்றி வைத்திருந்தால் அந்த மூன்று நாள் வேலைக்கே அர்த்தம் இல்லாமல் போயிருக்கும். மாற்றவில்லை. டர்போவின் கீழ்வாய் பின்பக்கம் திரும்பும் வளைவுகூட இருக்கிறது.

பழைய காருக்குப் புது என்ஜின் போடுவது அந்தக் காருக்குச் செய்யும் துரோகம் என்று சில மாடல் நண்பர்கள் சொல்கிறார்கள். இந்தக் காரைப் பொறுத்தவரை நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எஸ்ஆர்20டிஇடி முதன்முதலில் வந்ததே 1989-இல் ஒரு புளூபேர்டில்தான், யூ12 மாடலில். 510-உம் புளூபேர்டுதான். தாத்தா வீட்டுக்குப் பேரன் வருகிறான், அவ்வளவுதான். 1970-இல் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை ஜெயித்த கார் 510. செம்மண் ரோட்டில் அடிவாங்கிப் பழகிய வண்டி. தோட்டத்துச் செம்மண் ரோடுகளில் அது ஓடியதைப் பார்த்தவர்களுக்கு அந்த வெற்றி ஆச்சரியமாக இருக்காது என்பார் அப்பா.

சரி, வேலைக்கு வருவோம்.

கார் கிட்டில் என்ஜின் கிடையாது. பானட் உடலோடு ஒட்டியே வார்த்திருக்கிறது. அடித்தட்டில் எல்16-இன் அடிப்பக்கம் மேடாகத் தெரியும், அதோடு சரி. ஆகவே செட்டை வாங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, என்ஜின் தயாராக வந்தாலும் அது உட்காரும் அறையை நாம்தான் கட்ட வேண்டும். பானட் கோட்டின் மேல் கத்தியின் பின்முனையால் மெதுவாக இழுத்து இழுத்துத்தான் வெட்டினேன். இரண்டு சாயங்காலம் போயிற்று. கத்தியின் கூர்முனையால் வெட்டினால் பிளாஸ்டிக் இரண்டு பக்கமும் பிதுங்கி, பானட்டைத் திரும்ப வைக்கும்போது இடுக்கு கோணலாகத் தெரியும். பின்முனை சுரண்டி எடுப்பதால் ஓரம் சுத்தமாக வரும். அறையின் பக்கச்சுவர்களுக்கு அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட், பின்சுவருக்கு ஒரு மில்லிமீட்டர்.

பிரச்சினை அடுத்ததாக வந்தது. என்ஜினைக் கீழே இறக்கினேன், பானட் மூடவில்லை. அளந்து பார்த்தால் 1.5 மி.மீ. உயரம் அதிகம். கேட்பதற்குச் சின்னதாக இருக்கும், 24-ஆல் பெருக்கினால் உண்மைக் காரில் 3.6 செ.மீ. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். என்ஜினைப் பார்க்கவே இல்லை, அடித்தட்டைத் திருப்பிப் பார்த்தார். (சம்ப் என்பது என்ஜினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி; கிராஸ்மெம்பர், காரின் குறுக்கே போகும் சட்டம்.)

"சம்ப் எங்க உட்காருது பாரு. கிராஸ்மெம்பர் மேலயே குந்திக்கிச்சு."

"அப்ப கிராஸ்மெம்பரை வெட்டவாப்பா?"

"ஐயோ, அதுலதான் முன்சக்கரமே தொங்குது. சம்ப்பைத்தான் வெட்டணும். நானும் அதைத்தான் வெட்டினேன்."

உண்மை என்ஜினிலும் சம்ப்பைக் குறைத்து ஸ்டீயரிங் ராடுக்கு வழிவிடத்தான் வேண்டியிருக்கிறது. அதனால் இதை நான் செட்டின் குறையாக எழுதவில்லை. விற்றவர் சில்வியாவின் சம்ப்பை உள்ளது உள்ளபடி அச்சடித்திருக்கிறார். வேறு காருக்குள் இறக்குகிறவர்தான் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஆனால் ஒரு விஷயத்தைக் குறையாகச் சொல்லியே ஆக வேண்டும். ரெசினை மிச்சம் பிடிக்க சம்ப்பை உள்ளே கூடாக அச்சடித்திருக்கிறார்கள். அதைச் செட்டோடு வந்த செய்முறைக் காகிதத்தில் எங்கும் எழுதவில்லை. தேய்த்துக்கொண்டே போனபோது ஓர் ஓரத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. சூப்பர் குளூவை விட்டு, மேலே சமையலறை ஆப்பசோடாவைத் தூவினேன். நொடியில் கல்லாகிவிடும், பிறகு தேய்த்துக்கொள்ளலாம். வாங்குகிறவர்கள் தேய்ப்பதற்கு முன்பே உள்பக்கம் இதை நிரப்பிவிடுங்கள். ரெசின் தூசு நெஞ்சுக்கு ஆகாது; தண்ணீரில் நனைத்தே தேயுங்கள், முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் சிமெண்ட் ரெசினைப் பிடிக்காது, சூப்பர் குளூ அல்லது எபாக்சிதான்.

இன்டர்கூலர் பைப்புகள் மெல்லியவை. அச்சுக்குத் தாங்கலாக வைத்த குச்சிகளை நறுக்கும்போது ஒன்று உடைந்துவிட்டது. குச்சியைக் குழாய்க்கு ஒட்டி வெட்டாமல் நடுவில் வெட்டி, மிச்சத்தைத் தேய்த்து எடுப்பதே நல்லது. மற்றபடி அச்சு சுத்தம். சம்ப்பின் பக்கவாட்டில் மட்டும் அடுக்குக் கோடுகள் லேசாகத் தெரிந்தன. மிஸ்டர் சர்ஃபேசர் 1000 ஒரு தடவை அடித்ததும் மறைந்துவிட்டன.

பெரிய தவறு எங்கே என்றால், அந்தச் செய்முறைக் காகிதத்தில். ஒரு சின்னப் பையில் கறுப்பு வயர் சுருள் ஒன்று இருந்தது. அதை நான்காக வெட்டி, மேல்மூடியிலிருந்து பக்கவாட்டுக்கு இழுத்து, பிளக் கேபிளாக ஒட்டச் சொல்லிப் படம் போட்டிருந்தார்கள். நானும் ஒட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஞாயிறு காலை பசியாறிவிட்டு வந்த அப்பா டார்ச்சை அடித்தவர், "இதுக்கு ஏது கேபிள்?" என்றார். "காயில் நேரா பிளக் மேலேயே உட்காந்திருக்குமே. ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு காயில். மூடிக்கு நடுவுல இருக்கிற அந்தத் தகட்டுக்கு அடியில."

அவர் சொன்னதுதான் சரி. கேபிளும் டிஸ்ட்ரிபியூட்டரும் எல்16-க்கு உண்டு, எஸ்ஆர்20டிஇடி-க்குக் கிடையாது. நான்கையும் பிடுங்கிவிட்டு மூடிக்குத் திரும்பப் பெயிண்ட் அடித்தேன். என்ஜினை வரைந்தவர் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் என்று நம்புகிறேன். காகிதத்தை எழுதியவர் பார்க்கவில்லை. இந்த என்ஜினைத் தெரியாத ஒருவர் அந்தப் படத்தை நம்பி ஒட்டிவிட்டால் அது கடைசிவரை அப்படியே இருந்துவிடும் என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. விற்றவருக்கு எழுதிப்போட்டேன். மறுநாளே பதில் வந்தது: அடுத்த முறை வயரை எடுத்துவிட்டு, காகிதத்தையும் திருத்துகிறாராம். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

மேல்மூடியில் நிஸ்ஸான் என்ற எழுத்து மேடாக இருக்கிறது. 1/24 அளவில் அதைப் படிக்க முடிகிறது என்பது பெரிய விஷயம். எழுத்து மட்டும் வெள்ளியாகத் தெரிய நான் செய்தது இது: முதலில் தாமியா டிஎஸ்-17 ஸ்பிரே, அலுமினியம் வெள்ளி நிறம். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். அதற்கு மேல் எக்ஸ்-7 சிவப்பைத் தண்ணியாக்கி இரண்டு கை. பிறகு பஞ்சுக்குச்சியில் எக்ஸ்-20ஏ தின்னரைத் தொட்டும் தொடாமலும் நனைத்து, எழுத்தின் தலையில் மட்டும் துடைத்தேன். மேலிருக்கும் சிவப்பு போய்விடும், அடியிலிருக்கும் வெள்ளி அசையாது. இரண்டும் வேறு வேறு வகைப் பெயிண்ட் என்பதால்தான் இது நடக்கிறது. இரண்டையும் ஒரே வகையில் அடித்தால் எல்லாம் சேர்ந்தே கரைந்துவிடும்.

உடலுக்கு டிஎஸ்-7 ரேசிங் ஒயிட், கிராணி வண்டி அந்த மாதிரி வெள்ளையாகத்தான் இருந்ததாம். என்ஜின் அறைக்கும் அதே நிறம். நம் ஊரில் ஸ்பிரே அடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மதியத்துக்கு மேல் மேகம் கட்டிவிட்டால் டப்பாவைத் தொடாதீர்கள். காற்றில் இருக்கும் ஈரம் பெயிண்ட்டில் இறங்கிப் பனி படிந்தது போல வெளுத்துவிடும், அதுவும் டிஎஸ்-13 கிளியர் என்றால் உடனே தெரியும். நான் அஞ்சடியில் (வாசலை ஒட்டிய கூரை போட்ட நடையில்) வைத்துக் காலை பத்து மணிக்குள் அடித்து முடித்துவிடுவேன். ஸ்பிரே வாங்க ஈப்போவுக்குத்தான் போக வேண்டும், 30 கிலோமீட்டர்.

பணக் கணக்கு: என்ஜின் தபாலோடு 74 வெள்ளி, கார் கிட் 125 வெள்ளி, ஷீட், பெயிண்ட், பசை எல்லாம் சேர்த்து இன்னொரு 90 வெள்ளி. என்ஜினோடு வரும் இன்னொரு கிட்டை வாங்கி அதிலிருந்து என்ஜினை மட்டும் எடுக்கலாமே என்று கேட்பார்கள். ஹாஃப் கட் வழக்கம் நமக்குப் புதிதல்ல. ஆனால் அப்படி முழு கிட் வாங்கினால் இதைப் போல இரண்டு மடங்காவது கொடுக்க வேண்டியிருக்கும், மிச்சத் துண்டுகளும் அலமாரியில் தூங்கும். 68 வெள்ளிக்கு இந்த ரெசின் என்ஜின் நியாயமான விலை என்றே நினைக்கிறேன். முதல் மாடல் செய்கிறவர்கள் மட்டும் இதில் கை வைக்க வேண்டாம். மூடிய பானட்டோடு ஒரு 510 செய்து முடித்துவிட்டு வாருங்கள். எங்கே வெட்ட வேண்டும் என்பது கைக்கே தெரிந்துவிடும்.

கணக்கு எழுதும்போது அப்பா இன்னொன்று சொன்னார். அந்தக் காலத்தில் என்ஜின் மாற்ற வருகிறவர்கள் குதிரைசக்தியைக் கேட்பதற்கு முன்னால் ரோடு டேக்ஸைத்தான் கேட்பார்களாம். இன்றைய கணக்கில் 1,595 சிசி என்றால் 90 வெள்ளி. 1,998 சிசி ஆனதும் 379 வெள்ளி. அதோடு புஸ்பாகோம் என்ற வாகனச் சோதனை நிலையத்தில் சோதனை, ஜேபிஜே-இல் (சாலைப் போக்குவரத்து இலாகா) புது என்ஜின் நம்பரை கிராண்ட்டில், அதாவது வண்டியின் பதிவுப் பத்திரத்தில், ஏற்றும் வேலை. கிராணி எல்லாவற்றையும் முறையாகச் செய்தார் என்று அப்பா அழுத்திச் சொல்கிறார், அதையும் எழுதச் சொன்னார்.

இப்போது பானட் மூடுகிறது. ஒட்டவில்லை, தூக்கி எடுத்துப் பார்க்கலாம். நேற்று இரவு அப்பா மறுபடியும் டார்ச்சோடு வந்தார். "பெட்ரோல் லைன் எங்கம்மா? கார்புரேட்டருக்கு இருந்த பம்ப் இதுக்குப் பத்தாது. பின்னால வேற பம்ப், போறதுக்கு ஒரு லைன், திரும்பறதுக்கு ஒரு லைன்." செட்டில் அது இல்லை. பழைய சார்ஜர் வயரைப் பிரித்து இரண்டு செம்புக் கம்பி எடுத்து வைத்திருக்கிறேன். இந்த வாரக் கடைசியில் அடித்தட்டின் இடது ஓரமாக டேங்க் வரை இழுக்க வேண்டும்.