ஹாரன் ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்களே, உஷார்: 1,85,000 ரூபாய் போச்சு

1,85,000 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இன்று மதியம்கூட அந்தக் கடையில் "சின்ன விஷயத்துக்கு ஏன் சார் டென்ஷன் ஆகுறீங்க" என்று கேட்டார்கள்.

கடையின் பெயரை எழுதவில்லை, புகார் கொடுக்கும் வேலை நடக்கிறது. பழைய ஆடியோ சாமான்களை வாங்கி, பெயின்ட் அடித்து, வீடியோ போட்டு விற்கிற கடை. அவ்வளவு போதும்.

வாங்கியது ஒரு ஜோடி ஹாரன் ஸ்பீக்கர். ஆல்டெக் ஏ7 என்று சொன்னார்கள். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஆல்டெக் லான்சிங் கம்பெனி 1940-களில் இருந்து சினிமா தியேட்டர்களுக்காகச் செய்த 'வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்' வரிசையில் ஒரு மாடல். கீழே பெரிய பெட்டியில் 15 அங்குல வூஃபர், அடித்தொனி தருவது. மேலே அலுமினிய ஹாரன், அதாவது வாய் அகன்ற குழாய். அதன் பின்பக்கம், குழாய்க்குள் சத்தத்தை எழுப்பி அனுப்பும் கம்ப்ரெஷன் டிரைவர். மைக்செட்காரர்கள் 'யூனிட்' என்பது இதைத்தான். தனியாக ட்வீட்டர் கிடையாது. மேல் சுருதி சத்தம் முழுவதும் அந்த ஒரு யூனிட்டில் இருந்துதான் வர வேண்டும். என்னை ஏமாற்றியதும் அந்த யூனிட்டில்தான்.

என்னிடம் இருப்பது 8 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர். சாதாரணப் பெட்டி ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு 87, 88 டெசிபெல் (சத்தத்தின் அளவு) கொடுக்கும். இந்த மாதிரி ஹாரன் 100-ஐத் தொடும். 10 டெசிபெல் கூடினால் அதே சத்தத்துக்குப் பத்தில் ஒரு பங்கு வாட் போதும். 8 வாட்காரன் ஹாரன் தேடிப் போவதற்கு வேறு காரணம் தேவையில்லை.

சரி, இதை விற்ற ஆளுக்கு வருகிறேன். கடைக்குப் போனதும் டீ வந்தது. மதுரைப் பக்கம் இடித்த ஒரு தியேட்டரில் திரைக்குப் பின்னால் நின்ற ஜோடி என்றார். யூனிட் 802டி, அறுபதுகளில் வந்தது, கைபடாத சரக்கு என்றார். நான் கேட்காமலேயே பெட்டியைத் திருப்பி, கீழ் மூலையில் பிளைவுட் பிளந்திருந்த இடத்தை விரலால் தடவிக் காட்டினார். "பட்டி பார்த்து மறைச்சிருக்கலாம் சார். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை." அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். பிளவைக் காட்டுகிறவன் யூனிட்டை மறைப்பான் என்று யாருக்குத் தோன்றும்?

அதோடு விடவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். 11-க்கு 14 அடி அறையை அளந்தார், ஜன்னலைப் பார்த்தார், கைதட்டி எதிரொலி கேட்டார், எந்த ஸ்பீக்கர் எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்தார். "ரூமைப் பார்க்காம ஹாரன் விக்கிறவன் திருடன் சார்" என்றார். இதை அவரே சொன்னார், அவர் வாயால்! அன்று மாலையே 1,85,000 ரூபாயை அவர் கணக்குக்கு அனுப்பிவிட்டேன்.

ஸ்பீக்கர் வந்து இறங்கியது. நாலரை அடி உயரம், இரண்டரை அடி அகலம், ஆளுக்கொரு மூலையில். "என்னங்க, கூழ் ஊத்துறாங்களா நம்ம வீட்டுல?" என்று மனைவி கேட்டாள். பாட்டுப் போட்டேன். குரல் அபாரம், நாதஸ்வரம் கூடத்தில் நின்று வாசிக்கிறது. ஆனால் ஒரு பஜனை ரெக்கார்டு போட்டதும் ஜால்ரா டப்பா மூடியைத் தட்டுவது போலக் கேட்டது. வயலினில் வில்லின் உரசல் இல்லை. தம்புராவில் மினுமினுப்பே இல்லை. கடையில் அவர் போட்டுக் காட்டியதெல்லாம் குரலும் நாதஸ்வரமும் மட்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

போன் செய்தேன். "ரூம்தான் சார் காரணம். மூலையில இருந்து வெளிய இழுங்க." மூலையில் வைக்கச் சொல்லிப் படம் வரைந்ததே அவர்தான். மூலையையே ஹாரனின் நீட்சியாகப் பயன்படுத்தும் ஸ்பீக்கர் உண்டு, பால் கிளிப்ஷ் 1946-ல் கொண்டுவந்த கிளிப்ஷார்ன் அப்படிப்பட்டது. அது மூலையில் நின்றால்தான் அடித்தொனியே சரியாக வரும். ஏ7 அந்த ஜாதி இல்லை, மூலையில் தள்ளினால் பாஸ் (அடித்தொனி) ஊதும், அவ்வளவுதான். இழுத்தேன். பாஸ் தெளிந்தது. ஜால்ரா அப்படியே.

அடுத்து, "ஹாரனை உங்க காதைப் பார்த்துத் திருப்புங்க." இதுவும் நியாயமான யோசனைதான். ஹாரன் சத்தத்தை ஒரு பக்கமாகக் குவித்து அனுப்பும், நேர்கோட்டை விட்டு விலகினால் மேல் சுருதி குறையும். திருப்பினேன். அப்புறம் தூரம். "எட்டடியில உக்காந்தா வூஃபரும் ஹாரனும் தனித்தனியாத்தான் கேக்கும் சார், இது தியேட்டருக்குச் செஞ்சது." உண்மைதான். அப்படியானால் 11-க்கு 14 அறையை அளந்து பார்த்த அன்று ஏன் சொல்லவில்லை? கதவைத் திறந்து வைத்து வராந்தாவில் நாற்காலி போட்டுக்கூடக் கேட்டுப் பார்த்தேன். ஜால்ரா வரவில்லை.

இந்த வியாபாரத்தில் கொடுமையே இதுதான். ஹாரனுக்கு அறை முக்கியம் என்பது நிஜம். அதனால் எந்தக் குறையைச் சொன்னாலும் அறையின் தலையில் கட்டிவிடலாம். அறை பாஸைக் கெடுக்கும், எதிரொலி கொடுக்கும், குரலைக் கூசவைக்கும். யூனிட்டில் இருந்து கிளம்பும் மேல் சுருதியை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒட்டுமொத்தமாக விழுங்காது.

பிறகு ஆம்ப்ளிஃபயர் சரியில்லை என்றார். வேறு ஆம்ப் வைத்தேன். கடைசியில் வந்தது பாருங்கள்: "ஐம்பது தாண்டிட்டா ஹை ஃப்ரீக்வன்ஸி காதுல விழாது சார், கோவிச்சுக்காதீங்க." 1,85,000 ரூபாய் வாங்கிக்கொண்டு என் காதைக் குறை சொல்கிறான். கல்லூரி படிக்கும் என் பெண்ணும் "ஜால்ரா எங்கப்பா?" என்றுதான் கேட்டாள்.

எங்கள் தெருக் கோயிலுக்கு மைக்செட் போடும் தம்பியைக் கூப்பிட்டேன். அவர் ஸ்பீக்கரைப் பாட விடக்கூட இல்லை. யூனிட்டின் பின்மூடித் திருகுகளைக் கழற்றினார். உள்ளே பழுப்பு நிறத்தில் டயாஃப்ரம், அதிர்ந்து சத்தம் எழுப்பும் மெல்லிய தகடு. 802டி என்றால் வெள்ளியாக மின்னும் அலுமினிய டயாஃப்ரம் இருக்க வேண்டும். "சார், இது நம்ம குழாய் செட் யூனிட்ல போடுற ஃபீனாலிக், பிசின்ல ஊறின துணி. பேச்சுக்கும் நாதஸ்வரத்துக்கும் நல்லா இருக்கும், மேல ஏறாது." சொல்லிக்கொண்டே ஸ்க்ரூடிரைவர் முனையால் பக்கத்துத் தகர உறையை நெம்பினார். உள்ளே கறுப்பு ஃபெரைட் காந்த வளையம். 802டி-யில் இருப்பது அல்நிகோ காந்தம். மேலே ஒட்டியிருந்த ஆல்டெக் லேபிள் நகத்தால் சுரண்டியதும் சுருண்டு வந்துவிட்டது. வூஃபர் மட்டும் பழைய நல்ல சரக்கு என்றார். அந்தப் பிளந்த பிளைவுட்டும் நிஜம்தான்!

கடைக்கு நேரில் போனேன். "தியேட்டர்லயே மாத்தியிருப்பாங்க சார், எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான் கடைப் பையன். அப்படியானால் 'கைபடாத சரக்கு' யார் சொன்னது? முதலாளி ரயிலில் இருக்கிறாராம், சிக்னல் இல்லையாம். பையன் பில்லைக் காட்டினான்: 'பழைய ஹாரன் ஸ்பீக்கர் – 2. விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.' ஆல்டெக் என்ற சொல்லே பில்லில் இல்லை. என் வாட்ஸாப் செய்திகளுக்கு இப்போது ஒற்றை டிக்தான் விழுகிறது.

எப்படித் தேர்ந்தெடுப்பது, எங்கே வைப்பது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது அதற்கு மனசில்லை. இதை மட்டும் செய்யுங்கள். பணம் கொடுக்கும் முன் இரண்டு யூனிட்டின் பின்மூடியையும் உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள், மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அவர்கள் போடும் பாட்டை நம்பாதீர்கள், ஜால்ராவோ சலங்கையோ இருக்கிற உங்கள் ரெக்கார்டைக் கொண்டு போங்கள். பில்லில் மாடலும் யூனிட் நம்பரும் எழுதி வாங்குங்கள். சின்ன அறையென்றால் தியேட்டர் ஸ்பீக்கரே வேண்டாம், வூஃபரும் ஹாரனும் நெருக்கமாக இருக்கும் சின்னதைப் பாருங்கள்.

ஏமாந்துவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. நான் அங்கேதான் போகிறேன். இதே மதுரை தியேட்டர் கதையைக் கேட்டு யாராவது வாங்கியிருந்தால் பில்லையும், பின்மூடியைத் திறந்து எடுத்த படத்தையும் எனக்கு அனுப்புங்கள். என் 1,85,000 ரூபாய்ப் புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.