ஐட்லிங் இறங்கவில்லை என்று போனால் இ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) மாற்றச் சொல்வார்கள், உடனே தலையாட்டாதீர்கள்

கையில் ஒட்டிய கிரீஸ் இன்னும் போகவில்லை. இன்று மாலைதான் உண்மை தெரிந்தது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஒரு மாதச் சம்பளத்தை, முழுச் சம்பளத்தை, ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பழைய பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

என் வண்டி ஆக்சிலரேட்டருக்குக் கேபிள் போகும் பழைய வகை. இன்ஜின் சூடானதும் ஐட்லிங், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம், 800 ஆர்.பி.எம். பக்கம் நிற்க வேண்டும். காலையில் ஆறிக் கிடக்கும் இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் 1200, 1500 என்று ஏறி, சூடாகச் சூடாக இறங்கும். அதில் தவறில்லை. என் வண்டியில் இறங்கவே இல்லை. அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் 1800. சில சமயம் முள் 1200க்கு விழும், உடனே 1800க்கு ஏறும், திரும்ப விழும். நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்தால் வண்டி தானாகவே முன்னால் தள்ளும். பின்சீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அப்படி ஓட்டுவது எவ்வளவு பயம் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

எல்லா கம்பெனி வண்டிகளையும் பார்க்கும், காத்திருக்க ஏசி அறையும் கம்ப்யூட்டர் பில்லும் உள்ள பெரிய ஒர்க்‌ஷாப் அது. பெயரைப் போடவில்லை. அங்கே வந்து பார்த்தவர் அவசரப்படவே இல்லை. எப்போதிலிருந்து இப்படி, சூட்டில் அதிகமா, குளிரில் அதிகமா என்று பொறுமையாகக் கேட்டார். பானட்டைத் திறந்ததும் பெயின்ட்டில் கீறல் விழக்கூடாது என்று பக்கவாட்டில் ஒரு சுத்தமான துணியை விரித்தார். அந்தத் துணியைப் பார்த்ததும் நான் நம்பிவிட்டேன். பழைய வண்டிதானே என்று அலட்சியம் செய்யாத மனிதர் என்று நினைத்தேன்.

ஸ்கேனரை மாட்டித் திரையை என் பக்கம் திருப்பினார். “ஆர்.பி.எம். எப்படி ஏறி இறங்குது பாருங்க சார். இ.சி.யு. குழம்பிடுச்சு. வண்டிக்கு மூளையே அதுதான். இப்படியே ஓட்டினா இன்ஜினும் போயிடும்” என்றார். ஃபால்ட் கோடு ஏதும் வரவில்லையே என்று கேட்டேன். “இ.சி.யு.வே போன பிறகு அது எப்படி சார் கோடு காட்டும்?” என்றார். அப்போது அது நியாயமாகப் பட்டது. அந்தத் திரையில் ஓடிய ஆர்.பி.எம். எண்ணை ஸ்கேனருக்கு அனுப்பிக்கொண்டிருந்ததே அதே இ.சி.யு.தான் என்பது எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

ரீகண்டிஷன் செய்த இ.சி.யு., புது ஐடில் வால்வு, புரோகிராமிங், கூலி எல்லாம் சேர்த்து என் ஒரு மாதச் சம்பளம். முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்டார்கள். கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்து வண்டி வந்தது. ஐட்லிங் 900. நிம்மதியாக வீட்டுக்கு ஓட்டி வந்தேன். மூன்றாம் நாள் ஆக்சிலரேட்டர் முதல் மிதியில் பிடித்துக்கொண்டது, அழுத்தினால் டக்கென்று விடுபட்டது. அன்று மாலையே மறுபடி 1800.

போன் செய்தேன். “இ.சி.யு. புதுசு சார், ஐட்லிங் பழகணும், ரெண்டு நாள் ஓட்டுங்க.” பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பல வண்டிகள் ஐட்லிங்கை மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும் என்பது உண்மைதான், அதனால் அதையும் நம்பினேன். ரெண்டு நாள் ஒரு வாரம் ஆயிற்று. நேரில் போனேன். பெட்ரோல் சரியில்லை என்றார்கள். அடுத்த முறை ஓனர் வெளியே போயிருக்கிறார். அதற்கடுத்த முறை, எலெக்ட்ரிகல் பொருளுக்கு வாரண்டி கிடையாது, பில்லின் பின்பக்கம் போட்டிருக்கிறது. சரி, கழற்றிய பழைய இ.சி.யு.வையாவது கொடுங்கள் என்றேன். எக்ஸ்சேஞ்சில் போய்விட்டதாம். துணி விரித்த மனிதர் தூரத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். பணம் போனதைவிட அதுதான் வலித்தது.

இன்று மாலை நண்பனின் அப்பா வந்தார். மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்கேனர் எதுவும் இல்லை. இன்ஜினை ஓடவிட்டுக் குனிந்து காது கொடுத்தார். “காத்து இழுக்கிற சத்தம் கேக்குதா தம்பி?” என்றார். பிளையரின் வாயில் துணியைச் சுற்றி, இன்டேக் மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) இருந்து போகும் ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தார். பின்பக்கம் மறைவாக இருந்த ஒன்றை நசுக்கியதும் முள் சட்டென்று விழுந்தது. விரல் நீள ஹோஸ். வளைவில் வெடித்திருந்தது. அவ்வளவுதான்.

அவர் சொன்னது இது. ஐட்லிங்கில் த்ராட்டில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறந்து காற்றை விடும் தட்டு, மூடியிருக்கும். தேவையான கொஞ்சக் காற்றை மட்டும் ஐடில் வால்வு வழியாக இ.சி.யு. அளந்து விடும். வெடித்த ஹோஸ் வழியாக அதற்கு மேலும் காற்று நுழைகிறது. மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் என் வண்டி போன்றவற்றில், அந்தக் காற்றுக்கும் சேர்த்து பெட்ரோல் போகிறது. ஆர்.பி.எம். ஏறுகிறது. ஐடில் வால்வை முழுக்க மூடினாலும் இறங்காது. த்ராட்டில் மூடியிருக்கிறது, ஆனால் வேகம் அதிகம் என்றால், கால் எடுத்த வண்டி உருண்டு போகிறது என்று இ.சி.யு. எடுத்துக்கொண்டு பெட்ரோலை நிறுத்தும். முள் விழும். விழுந்ததும் மறுபடி விடும். முள் ஏறும். அந்த ஆட்டம் அதனால்தான். இ.சி.யு. ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கான அடையாளத்தையே காட்டி, அது செத்துவிட்டது என்று என்னிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

இன்னும் இருக்கிறது. த்ராட்டில் பாடியில் தட்டு எவ்வளவு மூட வேண்டும் என்று நிறுத்தும் ஒரு ஸ்க்ரூ உண்டு. ஃபேக்டரியில் வைத்து பெயின்ட் அடையாளம் போட்ட ஸ்க்ரூ, தொடவே கூடாது. அந்தப் பெயின்ட் உடைந்திருந்தது. அதைத் திருகித் தட்டை இறுக்க மூடித்தான் எனக்கு 900 காட்டியிருக்கிறார்கள். ஆக்சிலரேட்டர் பிடித்ததும் அதனால்தான். வெடிப்பு இன்னும் விரிந்ததும் பழையபடி ஏறிவிட்டது. சாலையில் த்ராட்டில் வேறு எங்காவது சிக்கியிருந்தால்?

அப்புறம் கிளவ் பாக்ஸுக்குக் கீழே மூடியைக் கழற்றிப் பார்த்தோம். இ.சி.யு. பெட்டியின் ஸ்க்ரூக்களில் துரு, மேலே பல வருடத் தூசி. யாரும் கை வைத்த தடமே இல்லை. மாற்றவே இல்லை! ஒரு மாதச் சம்பளம், தொடாத பொருளுக்கு.

ஹோஸை மாற்றி ஸ்க்ரூவைப் பழைய இடத்தில் வைத்ததும் 800. முள் அசையாமல் நிற்கிறது.

எதை எந்த வரிசையில் பார்ப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் வேக்யூம் ஹோஸ்களை, அதாவது மேனிஃபோல்டில் இருந்து போகும் அந்த ரப்பர் ஹோஸ்களைப் பாருங்கள், பிரேக் பூஸ்டருக்குப் போவதையும் சேர்த்து. லீக் தேட சூடான இன்ஜின் மேல் கிளீனர் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், தீப்பிடிக்கும்; சோப்புத் தண்ணீர் போதும். கூலன்ட் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் கெட்டு இன்ஜின் இன்னும் குளிராக இருப்பதாகக் காட்டினாலும் ஐட்லிங் இறங்காது. ஆக்சிலரேட்டர் கேபிள் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டியை விடுவதற்கு முன் இ.சி.யு. ஸ்டிக்கரையும் அந்த ஸ்க்ரூவையும் போட்டோ எடுங்கள். பழைய பொருள் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். முழு அட்வான்ஸ் வேண்டவே வேண்டாம்.

நாளை காலை அந்த ஹோஸ், பில், இ.சி.யு. மேல் இருந்த தூசியின் போட்டோ மூன்றையும் எடுத்துக்கொண்டு போகிறேன். இந்த முறை ஓனர் வரும்வரை அங்கேயே உட்காரப் போகிறேன்.