அம்மாவின் ஸ்டீராய்டு மாத்திரைக்கு ஒரு ஆப்பை நம்பிப் பணம் கட்டினேன். நீங்கள் கட்டாதீர்கள்

அம்மா நேற்று இரவுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினார். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. ஆறப்போட்டால் எழுதாமல் விட்டுவிடுவேன் என்று பயந்து இப்போதே எழுதுகிறேன். மாதாமாதம் மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஒரு ஆப்பை நம்பி, ஆறு மாதத் திட்டத்துக்கு என் ஒரு மாதச் சம்பளத்தை முழுசாக முன்பணமாகக் கட்டினேன். பணம் போனால் போகட்டும், அம்மாவே போயிருப்பார்.

அம்மாவுக்கு வயது 68. சில மாதங்களுக்கு முன்னால் தோளும் இடுப்பும் காலையில் பலகை மாதிரி இறுகிப்போய், கையைத் தூக்கித் தலை சீவக்கூட முடியாத நிலை. பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்ற அழற்சி நோய் என்று சொல்லி டாக்டர் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 15 மி.கி. அளவில் ஆரம்பித்தார். மூன்றாம் நாள் அம்மா தானே எழுந்து தலை சீவிக்கொண்டார். அந்தக் காலையை நான் மறக்க மாட்டேன். அதனால் ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. எங்கள் அம்மாவை நடக்க வைத்ததே அதுதான்.

டாக்டர் ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தார். குறைப்பது படிப்படியாகத்தான், நீங்களாக ஒரு நாளும் நிறுத்தக்கூடாது என்றார். 15 மி.கி., அப்புறம் 12.5, அப்புறம் 10, அதன் பிறகு மாதத்துக்கு 1 மி.கி. வீதம் இறக்க வேண்டும். இந்த 1 மி.கி. மாத்திரையில்தான் எங்களுக்குச் சிக்கல் ஆரம்பித்தது. எல்லா மருந்துக்கடையிலும் அது இருப்பதில்லை. ஒவ்வொரு மாதமும் நாலு கடை ஏறி இறங்கணுமே என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் இந்த ஆப் கண்ணில் பட்டது.

பதிவு செய்த அன்றே ஒருவர் போன் செய்தார். அவர் பேசிய விதத்தில்தான் நான் விழுந்தேன். அம்மாவுக்குத் தூக்கம் வருகிறதா, சர்க்கரை பார்த்தீர்களா, மாத்திரையைக் காலையில் சாப்பிட்ட பிறகுதானே கொடுக்கிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். எல்லாம் சரியான கேள்விகள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், மாலையில் கொடுத்தால் தூக்கமும் கெடும் என்று எனக்கும் தெரியும். இவருக்கும் தெரிகிறதே என்று மனசு இளகிவிட்டது. "உங்க அம்மா எங்க அம்மா மாதிரிங்க, ஒரு நாள்கூட மாத்திரை விட்டுப்போகாம நாங்க பாத்துக்கறோம்" என்றார். அப்போதே ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டினேன். டாக்டரின் அசல் மருந்துச் சீட்டும் தங்களிடம் இருக்க வேண்டும் என்றார்கள். அதையும் கொடுத்தேன். பணம் கட்டியதைவிடப் பெரிய தப்பு அது.

முதல் இரண்டு பெட்டிகள் நாள் தவறாமல் வந்தன. மூன்றாவது வரவில்லை. அம்மா அப்போது 7 மி.கி.யில் இருந்தார், ஒரு 5, இரண்டு 1. கடைசி மாத்திரை தீர்ந்த அன்று சாட்டில் கேட்டேன். "நாளை காலை வந்துவிடும்." மறுநாளும் அதே வரி. அன்று மதியம் நானே ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். சீட்டு இல்லாமல் தர முடியாது என்றார் கடைக்காரர். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை, அவர் செய்தது சரி. சீட்டு அந்த ஆப்காரர்களிடம் அல்லவா இருந்தது! திரும்ப வந்து, வயதானவர், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர், நிறுத்தக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்று அவர்களிடம் கெஞ்சினேன். வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "கவலை வேண்டாம், இரண்டு நாள் மாத்திரை போடாவிட்டால் ஒன்றும் ஆகாது."

அதை நான் நம்பினேன். டாக்டர் சொன்னது காதிலேயே இருந்தும், ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போடாமல் நம்பினேன். இதை எழுதும்போதுகூட வயிறு எரிகிறது.

மூன்றாம் நாள் அம்மாவுக்குச் சளியும் காய்ச்சலும். மாலையில் வாந்தி, வயிற்றுவலி. எழுந்து நிற்க முடியவில்லை, கண் இருட்டுகிறது என்றார். ராத்திரி என்னைப் பார்த்து "நீ யாரு" என்று கேட்டார். அவசரப் பிரிவில் பார்த்தால் ரத்த அழுத்தம் பாதாளத்தில். என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எப்போது நிறுத்தினீர்கள் என்று மட்டும்தான் அந்த டாக்டர் கேட்டார். பதில் சொல்லி முடிப்பதற்குள் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு 100 மி.கி. ஊசியில் ஏறிவிட்டது, கூடவே சலைன்.

அப்புறம் அவரே நிதானமாக விளக்கினார். சிறுநீரகத்துக்கு மேலே அட்ரீனல் என்று இரண்டு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. உடம்புக்குத் தேவையான கார்டிசால் என்ற இயற்கை ஸ்டீராய்டு அங்கேதான் சுரக்கிறது. வெளியிலிருந்து வாரக்கணக்கில் ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால், சுரக்கச் சொல்லும் கட்டளையை மூளை நிறுத்திவிடும், சுரப்பியும் தூங்கிப்போகும். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் சாப்பிட்டாலே இதற்கு வாய்ப்பு உண்டு. அம்மா சாப்பிட்டது ஐந்து மாதம். தூங்கின சுரப்பி விழிக்க வாரங்களும் மாதங்களும் ஆகும், படிப்படியாகக் குறைப்பதே அதற்குத்தான். காய்ச்சல் வந்தால் உடம்புக்குக் கார்டிசால் கூடுதலாக வேண்டும். கூடுதலாக வேண்டிய நாளில் அம்மா உடம்பில் அது போதுமான அளவு இல்லை. "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கஷ்டம்" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள், அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருக்க, பெட்டி வீட்டுக்கு வந்தது. உள்ளே பிரெட்னிசலோனே இல்லை! டெக்ஸாமெத்தாசோன் என்ற வேறொரு ஸ்டீராய்டு 4 மி.கி., தினம் ஒன்று என்று எழுதியிருந்தது. ஆஸ்பத்திரி மருந்தாளுநரிடம் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. டெக்ஸாமெத்தாசோன் 0.75 மி.கி. என்பதே பிரெட்னிசலோன் 5 மி.கி.க்குச் சமமாம். 4 என்று பார்த்தால் 7-ஐவிடக் குறைவாகத் தெரிகிறது, உண்மையில் அம்மாவின் அளவைப்போலக் கிட்டத்தட்ட நாலு மடங்கு. டாக்டரிடம் கேட்காமல் யார் மாற்றினார்கள் என்று சாட்டில் கேட்டேன். "1 மி.கி. இருப்பில் இல்லை, இதுவும் ஸ்டீராய்டுதான்" என்றார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், மருந்து அனுப்பியாகிவிட்டது, திட்டத்தை நடுவில் ரத்து செய்ய முடியாது என்கிறார்கள். போன் எடுப்பவர் ஒவ்வொரு முறையும் வேறு ஆள், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லணும். அம்மா மாதிரி என்று சொன்ன அந்த முதல் ஆளின் எண் இப்போது எடுப்பதே இல்லை. மருந்துச் சீட்டையாவது கொடுங்கள் என்றேன், அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டுமாம். நேற்று என் புகாரை "தீர்க்கப்பட்டது" என்று அவர்களே மூடிவிட்டார்கள். ஒரு மாதச் சம்பளம். ஆஸ்பத்திரிச் செலவு தனி.

என்னென்ன கவனிக்கணும் என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. அவசரத்துக்கு இவற்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மாத்திரை தீர இரண்டு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கி வையுங்கள். அசல் சீட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். பெட்டி வந்ததும் மருந்தின் பெயரையும் மி.கி.யையும் சீட்டோடு வைத்துப் பாருங்கள், மாறியிருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர் என்று ஒரு அட்டையில் எழுதி அவர் பையில் போடுங்கள், பல் பிடுங்கப் போனால்கூடச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், காத்திருக்காதீர்கள். இரண்டு நாள் விட்டால் ஒன்றும் ஆகாது என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பணம் கட்டிய வங்கியில் இன்று காலை புகார் கொடுத்திருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.