மரக்கிண்ணத்துக்கு அரக்கா, எண்ணெயா?

கர்நாடகத்துச் சென்னபட்டணத்து அரக்கு மெருகைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். கடைசலில் சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால், உராயும் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் தாழை மடலால் அழுத்தித் தேய்க்க, திட்டுத்திட்டாக இருந்த நிறம் கண்ணெதிரே பளபளவென்று பரவும். கிண்ணத்தைக் கழற்றும்போதே வேலை முடிந்திருக்கும். ஆனால் கொதிக்கும் ரசத்தை ஊற்றினால் அரக்கு இளகிவிடும்.

ஆளிவிதை எண்ணெய் மரத்துக்குள் ஊறி, காற்றுப் பட்டு மெல்ல இறுகும். நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும், மினுமினுப்பும் குறைவு. சரி, ஆனால் மங்கினால் வீட்டிலேயே துணியால் மறுபடி பூசிக்கொள்ளலாம். அந்தத் துணியை மட்டும் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கக்கூடும்; விரித்துக் காயவையுங்கள்.

தினமும் சாப்பிடும் கிண்ணத்துக்கு நான் எண்ணெய்தான் சொல்வேன். குங்குமச் சிமிழுக்கு அரக்கு.